பெரட்டில் துள்ளிய கை

விடியற்காலையில் என் வலது கை என் பேச்சைக் கேட்காது. எழுந்த கொஞ்ச நேரத்தில் தோள் தானாக வெட்டி இழுக்கும். கையில் இருப்பது எகிறிப் போய் விழும். வலி இல்லை, நினைவும் தப்பாது. வெயில் ஏறிவிட்டால் அதே கை சாதுவாகிவிடும்.

மலாயாவில் பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் அடுத்தடுத்த நிரைகளில் பாலுக்கு மரம் சீவினோம். இருட்டோடு பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு, வெயிலுக்கு முன் சீவி முடிக்க வேண்டும். என் கை துள்ளுவதும் அதே நேரம்தான். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிடும். கங்காணி காயத்தை விரலால் தடவிப் பார்த்து, வேண்டுமென்றே மரத்தைக் கெடுக்கிறாள் என்றார். துரையிடம் சொல்லி நிரையைப் பறித்துவிடுவதாக மிரட்டினார். எனக்கு அந்தக் கத்தியும் நிரையும்தான் பிழைப்பு. அவர் என்மேல் கண்ணாக இருந்தார். நான் அவர்மேல் கண்ணாக இருந்தேன். என் நிரையைத் தன் கொழுந்தியாளுக்கு வாங்கித்தரப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் மதியம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பாழாய்ப்போன கை துள்ளவே இல்லை.

"பாத்தீங்களா ஐயா, எல்லாம் நடிப்பு," என்றார் கங்காணி.

"காலையில வந்து பாருங்க," என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அன்று என் வீட்டுக்காரரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கங்காணி பேச்சைவிட அதுதான் சுட்டது.

மாரியம்மன் திருவிழாவுக்கு விடிய விடியக் கண்விழித்துவிட்டு நேராகப் பெரட்டுக்குப் போனேன். மலேரியாக் காய்ச்சல் காலம். டிரசர் ஒவ்வொருவருக்கும் கொயினாத் தண்ணீர் கொடுத்து, தன் கண்ணெதிரே விழுங்க வைப்பார். அந்தக் கசப்புக்குப் பயந்து சனங்கள் செய்யாத தந்திரமில்லை. வாயில் அடக்கிக்கொண்டு போய்த் துப்புவார்கள், தும்முவதுபோல் தட்டிவிடுவார்கள். நான் குவளையை வாங்கினேன். தோள் வெட்டியது. கொயினா முழுவதும் டிரசரின் வெள்ளைச் சட்டையில்.

வரிசையே சிரித்தது. "இவ எமகாதகி," என்றார் கங்காணி.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீங்களே வாயில ஊத்துங்க ஐயா," என்று டிரசரிடம் சொன்னேன். ஊற்றினார். முகம் சுளிக்காமல் விழுங்கினேன். "இன்னும் ஊத்துங்க," என்றேன்.

அவர் ஊற்றவில்லை. சும்மா தொங்கிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடியும் துள்ளியது.

"கொயினாவுக்குப் பயந்தவ இப்படிக் கேக்க மாட்டா. நேத்து தூங்கலையாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"இது வலிப்புல ஒரு வகை," என்றார் கங்காணியிடம். "அவளா செய்யல. தூக்கம் கெட்டா, விடியற நேரத்துல சதை தானா வெட்டும். ஒருநாள் முழு வலிப்பு வந்து கீழ விழவும் கூடும்."

என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது. பொய்க்காரி என்ற பேர் போயிற்றே என்ற சந்தோஷம்.

கங்காணி பக்கத்தில் வந்தார். அவரிடம் நான் அதுவரை கேட்டறியாத மெல்லிய குரலில், "நெசமாவே நோயாம்மா, பாவம். வலிப்புக்காரிகிட்ட கத்தி இருக்கக் கூடாது. நாளையில இருந்து புல்லுப் பிடுங்கப் போ," என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். நடிக்கிறாள் என்று ஏசிய நாளெல்லாம் அந்தக் கத்தி என்னிடம்தான் இருந்தது. மறுநாள் என் நிரையில் அவர் கொழுந்தியாள் சீவிக்கொண்டிருந்தாள்.