முதல் கட்டத்தில் அப்பா

கல்லூரியில் தாவரவியல், பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ். இந்த இரண்டையும் நம்பி, கும்மிடிப்பூண்டி போகும் வழியில் இருந்த ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய தொடக்க வருடங்கள் அவை. நெல் ரகங்களின் மரபு விவரங்களைச் சேமித்துவைக்கும் ப்ரோக்ராம் ஒன்று சி.டி.யில் வந்திருந்தது. அதை ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு. வீட்டிலோ மாப்பிள்ளை பார்த்து முடித்து, என் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அந்த மாப்பிள்ளையைவிடக் கம்ப்யூட்டரைப் பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது. ஆபீஸில் அங்கே மட்டும்தான் ஏசி. அந்தக் குளிரையும் புது பிளாஸ்டிக் வாசனையையும் நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. பழவேற்காட்டுக்காரி, அப்பாவை அத்தா என்பாள்; அவர் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். எந்த நெல்லை எதனோடு கலந்தார்கள் என்ற விவரத்தை அதுவரை அட்டைகளில் கையால் எழுதிவந்தவள் அவள்தான்.

அவள் அட்டைகளைப் பார்த்து வாசிப்பாள், நான் தட்டுவேன். நெல்லில் மகரந்தம் கொடுப்பது அப்பா, விதை பிடிப்பது அம்மா.

"அப்பா யாருக்கா?" என்பேன். சொல்வாள். அப்புறம் அம்மாவைக் கேட்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எந்த விண்ணப்பத்திலும் தகப்பன் பெயரை முதலில் எழுதிப் பழகிய கைகள். திரையில் இருந்த இரண்டு கட்டங்களுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

ஹைதராபாத்திலிருந்து பெரிய அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். உப்பு நிலத்தைத் தாங்கும் ஒரு ரகத்தைச் சொல்லி, இதைத் தாயாகக் கொண்டு பிறந்த பிள்ளைகள் எவை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றது கம்ப்யூட்டர்.

"இன்னாடி இது, கழனி பூரா அதோட புள்ளைங்கதான் நிக்கிது. ஒண்ணுமே இல்லன்னுது?" என்றாள் அக்கா.

அப்போதுதான் தலைப்பைப் படித்தேன். முதல் கட்டம் அம்மாவுக்கு. பதிந்தது அத்தனையும் தலைகீழ். மொத்தமாக மாற்றுவதற்கு வழி இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. கீபோர்டைத் தள்ளிவிட்டு அழுதேன். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு படியேறுவது கண்ணில் தெரிந்தது.

"அழுதுகினு இருந்தா மாறிடுமா? நாளைக்கி நானும் வர்றேன், ஒக்காந்து முடிச்சிரலாம்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தாள், நாஷ்டாவுக்கு ஆப்பமும் இறால் குழம்பும் எடுத்துக்கொண்டு. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தின் அவ்வளவு பெரிய புகைபோக்கி நின்றும் எங்களுக்குக் கரண்ட் நிலைக்காது. அது போகும்போதெல்லாம் வெளியே வந்து சிரித்துக்கொண்டிருந்தோம். 'அம்மா இவங்க, அப்பா இவரு' என்று ராகம் போட்டு வாசித்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்தது. அத்தனை சந்தோஷமான ஞாயிறு எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

மறுநாள் அதிகாரி அதே ரகத்தைக் கேட்டுப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றன. எனக்கு வேலை நிரந்தரம் என்றார். கையால் எழுதும் ஆள் இனித் தேவையில்லை என்பதையும் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"சி.டி. வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்புறம் நேத்து ஏன் வந்த?"

செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் ஊட்டுக்குப் போனா கட இருக்குது. நீ போனா கல்யாணந்தான இருக்குது" என்றாள்.