பசறைக்கு ரயில் இல்லை

வீரய்யாவுக்குக் காலில் சக்கரம் என்று பதுளைக் கடைத்தெருவில் சொல்லாத ஆள் கிடையாது. ஹாஷிம் முதலாளியின் துணிக்கடையில் அவனுக்கு வேலை. பண்டாரவளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிற காலம் அது. மாட்டுவண்டியில் அதுவரை போய், அங்கே ரயிலேறி, கொழும்பிலிருந்து சரக்குக் கொண்டுவர வேண்டும். மற்றவன் போனால் சட்டுப்புட்டென்று திரும்பிவிடுவான். இவன் போனால் இழுஇழு என்று இழுப்பான். ஒரு தடவை தலவாக்கொல்லையில் இறங்கிவிடுவான், அடுத்த தடவை கம்பளையில், அதற்கடுத்து மாத்தளையில். இறங்கியதும் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறுவான். கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்பான்.

“கனகம்னு ஒருத்தி இருக்காளாங்க? இடது புருவத்துல தழும்பு இருக்கும்.”

இல்லை என்பார்கள். ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவான்.

கனகம் அவன் தங்கை. தாயும் தகப்பனும் காலராவில் போன பிறகு, திருச்சிப் பக்கத்துச் சொந்த ஊரில் அவர்களைச் சீந்த ஆளில்லை. தோட்டத்துக்கு ஆள் கட்ட வந்த கங்காணி கண்டிச்சீமையில் தேயிலைக்கடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று அளந்ததை நம்பி, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினான். அப்போது அவனுக்கு மீசை அரும்பும் வயது. அவளுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது.

கொழும்புப் பக்கத்து முகாமில் குளிக்க வைத்து, மருந்துப் புகை போட்டு, ஆளுக்கொரு தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதில் தோட்டத்து நம்பர் அடித்திருக்கும். மூட்டைக்குக் குறி போடுவது போலத்தான். ரயிலில் ஏற்றுவதும் இறக்குவதும் அந்தத் தகரத்தைப் பார்த்துத்தான். கழுத்துக்கு மேலே இருக்கும் முகத்தை எவன் பார்த்தான்?

முகாமில் கனகத்துக்கு ரெங்கம்மா என்று ஒரு கூட்டாளி கிடைத்தாள். அவளும் அதே வயது. கூட்டி வந்த சித்தி கிள்ளியே கொல்லுகிற ரகம். ஊர்ப்பக்கம் பெண்பிள்ளைகள் சிநேகம் பிடித்தால் பாசிமாலையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இவர்களுக்குப் பாசி இல்லை, தகரம் இருந்தது. மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ரெங்கம்மா மனதில் வேறு கணக்கும் ஓடியது. தகரம் மாறினால் சித்தியும் மாறிவிடுவாள் என்று அவள் நினைத்தாள். பாவம், சரியாகத்தான் நினைத்தாள்.

ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி. ஏற்றிவிடும்போது வீரய்யா தங்கையின் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“கூட்டத்துல தவறிட்டா அங்க இங்க ஓடாத. நின்ன எடத்துலயே நில்லு. அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அவள் தலையாட்டினாள்.

பண்டாரவளையில் இறங்கினபோது முன்னால் நிற்பவன் தெரியாத பனி. பல தோட்டத்து ஆட்கள், ஒவ்வொரு கங்காணியும் தன் கூட்டத்தைத் தனியாக நிறுத்தித் தகரத்தை எண்ணினான். வீரய்யாவின் கங்காணிக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. தகரம் சரி. ஆனால் கனகம் நிற்க வேண்டிய இடத்தில் ரெங்கம்மா நின்றாள். சித்தி கண்ணில் படாமலிருக்க வழியெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டிருந்தவளுக்கு, யார் எங்கே இறங்கினார்கள் என்று தெரியவில்லை. சித்தி போகும் தோட்டத்தின் பெயரும் தெரியவில்லை. கண்டிச்சீமை என்றாள். மலைநாடு முழுவதும் கண்டிச்சீமைதான். யாரோ ஒருத்தி, அட்டனில் பெருங்கூட்டம் இறங்கியதே என்றாள். அதற்குள் அவர்கள் வந்த ரயில் திரும்பிக் கிளம்பியது. வீரய்யா அதன் பின்னால் ஓடினான். கங்காணி ஆள்விட்டுப் பிடித்து இழுத்து வந்தான். கணக்குச் சரியாக இருக்கும்போது இவனுக்கென்ன கேடு என்று அவனுக்குக் கோபம்.

அன்று தொற்றிய ஓட்டம் அது. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து நிற்பான், காது மட்டும் மலைக்கு அப்பால் ரயில் ஊதுகிறதா என்று கேட்டபடி இருக்கும். பல வருஷம் மன்றாடி, தோட்டத்தை விட்டு விடுதலை வாங்கி, ஹாஷிம் முதலாளியிடம் சேர்ந்தான். ரயிலில் போகிற வேலை என்பதற்காகவே சேர்ந்தான். ரெங்கம்மாவை அவன் ஒரு நாளும் திட்டியதில்லை. அண்ணே என்று அவள் கூப்பிட்டால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

அட்டனில் கிடைக்கவில்லை என்றதும் நாவலப்பிட்டி, கண்டி, குருநாகல் என்று இறங்கினான். ரயில் யாழ்ப்பாணம் வரை போகிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய், பனைமரத்துக்கு நடுவே நின்று, தேயிலை கிள்ளுகிற ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தான். சிரித்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காலிக்கும் மாத்தறைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தான். நாடு என்னவோ கையகல நாடுதான். தண்டவாளம் முடிகிற இடமெல்லாம் போய் முட்டிப் பார்த்தாகிவிட்டது.

பசறைக் கடைக்குச் சரக்கு கொண்டுபோகச் சொன்னால் மட்டும் முதலாளியிடம் முகம் சுளிப்பான். பதுளையைத் தாண்டி ஒரு பொழுது நடை, அவ்வளவுதான். ஆனால் ரயில் கொண்டுபோனவளை ரயில் போகாத ஊரில் எதற்குத் தேடுவது என்பது அவன் நியாயம். வேறு ஆளை அனுப்புங்கள் என்பான். முதலாளியும் அனுப்பிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் அப்புத்தளைக்குக் கீழே மண் சரிந்து ரயில் பாதை மூடிக்கொண்டது. ரயில் நின்றது. வீரய்யா கடை வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்து நடந்து எல்லாரையும் எரிச்சலூட்டினான். சோறு இறங்கவில்லை. ஹாஷிம் முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, சும்மா நடப்பதைச் சுமையோடு நடக்கலாமே என்று, துணி மூட்டை ஏற்றிய வண்டியோடு அவனைப் பசறைக்குத் துரத்தினார்.

பசறைக் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு, துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டான். பதிலுக்குக்கூட நிற்காமல் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணன் வருவாரு, அண்ணன் வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருக்குமே, அந்தக் கனகமா?” என்றாள் அவள்.

தோட்டத்துக்கு ஏறிய வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். வேறு தோட்டங்களிலிருந்து நல்ல இடமாக வந்த சம்பந்தங்களைக் கனகம் தட்டிவிட்டாளாம். இந்தத் தோட்டத்தை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லி, கடைசியில் இங்கேயே இருக்கச் சம்மதித்த ஒருவனைத்தான் கட்டினாளாம். வீரய்யாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

கனகம் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். புருவத்தில் அதே தழும்பு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சந்தைக்குப் போனவன் திரும்பி வந்ததைப் போல, “வந்துட்டியாண்ணே” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எந்த ஸ்டேஷனில் இறக்கினார்கள் என்றுதான் அவன் முதலில் கேட்டான். அட்டனா? தலவாக்கொல்லையா? அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.

“பண்டாரவளையிலதாண்ணே. நீ எறங்குன எடத்துலயேதான். சாமான் கொட்டகைக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சிருந்தாங்க. பனி கொஞ்சம் வெலகுனப்ப நீ ரயிலுக்குப் பின்னால ஓடுறதைப் பார்த்தேன். கத்திக் கத்திக் கூப்பிட்டேன்.”

“ஓடி வந்திருக்கக் கூடாதா, புள்ளே?”

“நின்ன எடத்துலயே நில்லுன்னு நீதானே சொன்னே.”

வீரய்யா வாசற்படியில் உட்கார்ந்தான். பாதை சரியாகிவிட்டது, ரயில் ஓடுகிறது, உடனே வா என்று மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.