வீரபாகு கல்லெறிந்த மீன்கொத்தி

இலஞ்சிக்குக் கிழக்கே உள்ள சின்னக் குளத்துக்கு வீரபாகுதான் காவல். மடையைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், கரையில் ஓட்டை கண்டால் களிமண்ணை மிதித்து மூட வேண்டும். மனுஷனுக்குப் பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. கரையில் மாடு ஏறினால் மாட்டுக்காரனின் பரம்பரையையே இழுப்பார். வயல்காரர்களில் எத்தனை பெரிய ஆளானாலும் வாய் நிறைய அண்ணாச்சி என்று அழைத்ததில்லை. கரையை ஒட்டிக் கீழேதான் அவர் குடிசை. கரை உடைந்தால் வெள்ளம் முதலில் வருவது அவர் மனைவி நாச்சியாரின் அடுப்புக்குத்தான்.

அறுபத்தொன்றாம் வருஷ ஐப்பசியில் புதுசாக ஒரு மீன்கொத்தி வந்தது. கறுத்த தலை, கழுத்தில் வெள்ளைப் பட்டை, நீல முதுகு, பவள நிற அலகு. கருவாடு விற்க வந்த மூசா பார்த்துவிட்டு, இது கடலோரத்துப் பறவை, காயல் பக்கம் அலையாத்திக் காட்டில் கிடப்பது, வழி தவறி வந்திருக்கும் என்றார். வீரபாகுவுக்கு அதன் அழகு எங்கே கண்ணில் பட்டது? மீன்கொத்தி என்றால் கரையில் வளை தோண்டும், வளை தோண்டினால் கரை போகும். தினமும் கல்லெறிந்து விரட்டினார். அதுவும் போவேனா என்று நின்றது.

ஐந்து நாள் அடைமழை பெய்து குளம் நிரம்பிய காலையில், அது கரைக்கு வெளிப்பக்கம் வெட்டியதுபோக மிஞ்சிய ஒரு பனைமூட்டில் உட்கார்ந்திருந்தது. வீரபாகு கல்லை ஓங்கினார். அதற்குள் அது கீழே புல்லுக்குள் பாய்ந்து, ஒரு கெண்டைக்குஞ்சோடு மேலே வந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வெளிப்பக்கம் மீனுக்கு என்ன வேலை?

இறங்கிப் புல்லை விலக்கினார். தண்ணீர் கலங்கலாகக் கொப்பளித்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கல் என்றால் கரை உள்ளுக்குள் கரைகிறது. அவர் போட்ட சத்தத்தில் நாச்சியார் வைக்கோலோடு ஓடி வந்தாள், பின்னாலேயே ஊரும் வந்தது. உள்பக்கம் வைக்கோலும் மண்மூட்டையும் அமுக்கி, உச்சிப் பொழுதில் தண்ணீரை நிறுத்தினார்கள்.

அடைத்தது நண்டு வளையை. பனைமூட்டைச் சுற்றி நண்டு ஓடுகளாகவே கிடந்தன. வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நண்டு தோண்டுனதுக்கு, நண்டைத் தின்னவனைப் போட்டு அடிச்சிருக்கேனே, நாச்சியா. அது மட்டும் இல்லன்னா நாம இப்ப எங்கன கெடப்போம்?"

பங்குனியில் அது போய்விட்டது. அடுத்த ஐப்பசிக்கு முன்பே, பனைமூட்டுக்குப் பக்கத்தில் அது உட்கார வாகாக ஒரு கம்பு நட்டு, தினமும் போய்ப் பார்த்தார். நாச்சியார் கேலி செய்தாள். ஒருநாள் காலையில் கம்பில் நீலம் தெரிந்தது. வீரபாகு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி" என்றார்.