நின்ற வண்டியிலிருந்து குதித்த அத்தை

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம் அது. எனக்கு எட்டு வயது. அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை மகளுக்கு ஏழாம் மாதம். அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர அப்பாவும் அத்தையும் புறப்பட்டார்கள். நானும் அழுது ஒட்டிக்கொண்டேன். கோர்ட்டு வேலையாகத் திருநெல்வேலி வந்திருந்த அத்தையின் சம்பந்தியும் அதே வண்டியில் ஊர் திரும்பினார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். தாயில்லாத தம்பியை ஐந்து வயதிலிருந்து வளர்த்தவர். சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அப்பா உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்தினாலும், வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்படிப்பட்டவர் ரயிலில் ஏறுவது அன்றுதான் முதல் தடவை. பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திருநெல்வேலி ஸ்டேஷனில் எங்கள் பெட்டியை ஒட்டி அடுத்த தண்டவாளத்தில் மணியாச்சி வண்டி நின்றது. அப்பா கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினார்.

அவர் போன சற்று நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே இருந்த முகங்கள் பைய நழுவ ஆரம்பித்தன. ஒரு தலைப்பாகை போனது, ஒரு குழந்தை போனது, பிறகு ஜன்னல் ஜன்னலாகப் போயின. எங்கள் வண்டிதான் நகர்வதுபோல் எனக்கும் இருந்தது.

"ஐயோ, வண்டி கிளம்பிட்டே! தம்பி ஏறலையே!" என்று அத்தை அலறினார்.

பலகாரப் பெட்டியைக் கதவு வழியே வெளியே எறிந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடும் வண்டியிலிருந்து குதிப்பதற்கு வேண்டிய அத்தனை வேகத்தோடும் குதித்தார். கதவுப் பக்கம் திரும்பியவர் எதிரே பிளாட்பாரத்தில் நின்ற தூணைப் பார்த்திருந்தால் போதும். நான் பார்த்தேன். அது எங்கள் கதவுக்கு நேரே அப்படியேதான் இருந்தது. கிளம்பியது மணியாச்சி வண்டி. ஆனால் அத்தையின் கண் தேடியது தூணை அல்ல, அப்பாவை.

பிளாட்பாரத்தில் குப்புற விழுந்தார். முறுக்கு நாலாபக்கமும் சிதறியது. அப்பா கூஜாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைத் தூக்கிப்பிடித்து ஏற்றினார். கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

வண்டி நிஜமாகவே கிளம்பியபோது பெட்டி முழுக்க ஒரே சிரிப்பு. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் சம்பந்தி.

"நின்ன வண்டியிலருந்து குதிச்ச மதினியை இன்னைக்குத்தான் பாக்கேன். ஊருக்குப் போனதும் மொதல்ல இதைத்தான் சொல்லணும்!" என்றார்.

அத்தை தலை குனிந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலை குனிந்து நான் பார்த்ததேயில்லை.

"வண்டி நகரத்தான் செஞ்சுது" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வண்டி கிளம்பிவிட்டது என்று நம்பித்தானே அத்தை குதித்தார்? அப்படியென்றால் ஓடுகிற வண்டியில் என்னை விட்டுவிட்டுத்தானே தம்பியிடம் போனார்? "பொய்! தூண் அசையவே இல்லை. நான் பாத்தேன்" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சிரிப்பு இரண்டு மடங்கானது.

அப்பா என்னைக் கோபிக்கவில்லை.

"ஏட்டி, தூண் நிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா? பூமி சூரியனைச் சுத்தி ஓடுது. தூணும் அது கூடவே ஓடுது. சூரியனும் சும்மா நிக்கல. நம்ம எல்லாரையும் கூட்டிக்கிட்டு அதுவும் எங்கேயோ போய்க்கிட்டுத்தான் இருக்கு. இந்த உலகத்துல நின்ன வண்டின்னு ஒண்ணு கிடையாது. அக்கா ஓடுத வண்டியிலருந்துதான் குதிச்சிருக்கா."

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சம்பந்தி தொடையில் தட்டினார்.

"அப்போ நாம எதுக்கு வே டிக்கெட்டு எடுத்தோம்? சும்மா இருந்தா பூமியே அம்பாசமுத்திரத்துல கொண்டு விட்டிராதா?"

பெட்டியே குலுங்கியது. அப்பா விடவில்லை. சேரன்மகாதேவி வரும்வரை கூஜா மூடியைச் சூரியனாகவும் தன் விரலைப் பூமியாகவும் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பைத்தியக்கார வாத்தியார் என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. அத்தையை இப்போது ஒருவரும் பார்க்கவில்லை. அவர் மெல்ல நிமிர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வெளியே ஓடிய வயல்களைப் பார்த்தார்.

சீராகப் போகும் வண்டிக்குள் அடைந்து கிடப்பவர் தாம் ஓடுகிறோமா நிற்கிறோமா என்று எந்தச் சோதனை செய்தும் கண்டுபிடிக்க முடியாது, ஒளியை வைத்துச் சோதித்தாலும் முடியாது என்று பின்னாளில் என் மாணவிகளுக்கு வருஷம் தவறாமல் சொன்னேன். அந்தப் பாடத்தை அத்தை குதித்ததிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கியதும் சம்பந்தி தம் வீட்டாரிடம் முதலில் சொன்ன கதை, பூமி சுற்றுகிற வாத்தியாரின் கதைதான். அத்தையின் காலைப் பற்றி மகள் கேட்டாள். படியில் தடுக்கியது என்று அத்தை சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. இவ்வளவு படித்தவருக்கு, எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று தெரியவில்லையே என்று எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.