பத்துப் பேர் வேண்டியிருந்த பாடம்

கோயம்புத்தூரில் என் அப்பா வேலை பார்த்த பஞ்சாலை ஒரு திங்கட்கிழமை காலையில் திறக்கவில்லை. கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் நஷ்டம் என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. "ராத்திரி பகலா ஓடுன மில்லுக்கு எப்படிங்கப்பா நஷ்டம் வரும்?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் முப்பத்தோரு வயதில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தேன். கணவரின் ஐ.டி. வேலைக்காகப் புனே வந்து, ஔந்த் பகுதியில் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் தேர்ந்தெடுத்த தனியார் பல்கலைக்கழகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. ஸ்கூட்டியில் போக முக்கால் மணி நேரம். பக்கத்திலேயே வேறு கல்லூரி இருக்க அங்கே சேர்ந்ததற்குக் காரணம், மூன்றாம் செமஸ்டர் விருப்பப் பாடங்களில் தொழிலாளர் பொருளாதாரமும் உண்டு என்று அவர்கள் கையேட்டில் அச்சிட்டிருந்ததுதான்.

முதல் வருடம் முழுக்கக் கணக்கு. வகுப்பில் எல்லோரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். ஆண்ட்டி என்று கூப்பிட்டவர்கள், முதல் தேர்வு முடிவு வந்தபின் தீதி, அதாவது அக்கா, என்றார்கள். மூன்றாம் செமஸ்டர் வரட்டும் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் செமஸ்டர் பட்டியல் வந்தபோது அதில் நிதி தொடர்பான பாடங்கள் மட்டுமே இருந்தன.

அலுவலகத்துக்கு ஓடினேன். "குறைந்தது பத்துப் பேர் வேண்டும். நீங்கள் ஒருவர்தான் கேட்கிறீர்கள்" என்றார் குமாஸ்தா, இந்தியில். கையேட்டில் போட்டிருக்கிறதே என்று விரித்துக் காட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பகூ மேடம், பகூ" என்றார். மராத்தியில், பார்ப்போம் என்று அர்த்தம். புனேயில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்தப் பாடம் வேண்டுமென்று ஒரு விண்ணப்பம் எழுதி, ஒரு வாரம் கேண்டீனில் மேசை மேசையாகப் போனேன். பெரிய வகுப்புதான். வியாழக்கிழமைக்குள் என்னோடு சேர்த்து ஒன்பது கையெழுத்து தேறியது. கடைசியில் வகுப்பில் இருந்த இன்னொரு தமிழனைப் பிடித்தேன். புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவன், தமிழில் இந்தி கலந்து பேசுவான். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை.

"அக்கா, நான் சைன் போடறேன். லேகின் அந்தப் பேப்பர் எடுத்தா நோக்ரி கிடைக்குமா?"

"வேலை கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்கப்பா வேலை செய்யற எடத்தப் பத்தின பாடம் அது."

அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவரிடம் போனேன். உட்காரச் சொல்லி, சாய் வரவழைத்து, என் முயற்சியை ஆங்கிலத்தில் மிகவும் பாராட்டினார். பிறகு, அந்தப் பாடம் எடுத்தவர் கோடை விடுமுறையிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார், புதிதாக யாரையும் எடுக்கப்போவதில்லை என்றார்.

"அப்படியானால் பத்துப் பேர் எதற்கு?"

"அது விதிமுறை" என்றார், எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பதுபோல.

சாயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஸ்கூட்டி நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் சாவியைப் போடாமல் நின்றேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "விட்டுத் தொலை. உனக்கு டிகிரிதான வேணும்?"

"டிகிரிக்காங்க நாஞ் சேர்ந்தேன்?"

"பின்ன எதுக்கு?"

ஒரு வருடத்துக்கு மேலாக அவரிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்! சமையலறைக்குப் போய்விட்டேன்.

நிதிப் பாடம்தான் எடுத்தேன். வேறு வழி இல்லை. அதற்கு வந்த பேராசிரியை மிக நன்றாக நடத்தினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மட்டமாக நடத்தியிருந்தால் அவரையாவது திட்டியிருப்பேன். அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு வந்தது. அவரே புனேயிலேயே விமான் நகரில் ஒரு நிதி நிறுவனத்துக்கு என்னைச் சிபாரிசு செய்தார். வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை; இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். பழைய வகுப்புத் தோழர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள்தான் நன்றாகப் படித்தீர்கள் தீதி என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.