ராமுத்தாயின் குடைக்கம்பி

அனுமந்தன்பட்டியில் யார் வீட்டு வாசலில் ராமுத்தாய் வந்து நின்றாலும், அந்த வீட்டுப் பெண் முதலில் தன் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். சாவிக்கொத்து பத்திரமாக இருந்தால்தான் "வா, உக்காரு" என்ற சொல் வரும்.

ராமுத்தாய்க்குப் பூட்டுத் திறக்கிற பைத்தியம். கல்யாணமான புதிதில், வாய்க்காலில் துணி அலசும்போது வீட்டுச் சாவியைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். புருஷன் கருத்தக்கண்ணன் மாட்டுவண்டியோடு தேனிச் சந்தைக்குப் போயிருந்தான். தொழுவத்தில் கிடந்த ஓட்டைக் குடையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி, நுனியை வளைத்துப் பூட்டுக்குள் விட்டுத் துழாவினாள். வெகுநேரம் கழித்து உள்ளே ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து வழிவிட்டது. அந்தச் சின்னச் சத்தம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதன்பின் அவன் சந்தைக்குப் போகும்போதெல்லாம் சாவி தொலைந்த திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வரச் சொல்வாள்.

"ஊருல பொம்பளைக வளையல் கேக்குறாளுக. எனக்கு வாச்சவ துருப்பிடிச்ச பூட்டுக் கேக்குறா" என்று கருத்தக்கண்ணன் அலுத்துக்கொள்வான். ஆனாலும் வாங்கி வருவான்.

சோறு கருகியது, விரல் கிழிந்தது. அதெல்லாம் வீட்டோடு போயிற்று. ஊரிடம் அவள் கொடுத்த விலைதான் பெரிது. கல்யாண வீடுகளில் சாமான் அறைப் பக்கம் அவளை விடமாட்டார்கள். கோழி காணாமல் போனாலும் அவள் பெயர் அடிபடும். கோழிக் கூண்டுக்குப் பூட்டே கிடையாது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆயுதபூசை முடிந்து பன்னிரண்டாம் நாள், பெரிய வீட்டு மூக்கம்மாளின் மரப்பெட்டியில் பூட்டு திறந்தபடி தொங்கியது. உள்ளே இருந்த, காதில் போடும் ஒரு ஜோடி தங்கத் தண்டட்டியைக் காணவில்லை. உடைத்த தடயம் எதுவுமில்லை. ஊர் வேறு யாரைத் தேடும்?

சாவடியில் கூட்டம் கூடியது. மூக்கம்மாளின் மூத்த மகன் தங்கபாண்டிதான் எல்லாரையும்விட உரக்கப் பேசினான். "கம்பிய விட்டு ஆட்டுற கை ஊருல ஒண்ணுதான இருக்கு? இதுக்கு எதுக்கு விசாரணை?"

நாட்டாமை தீர்ப்பைச் சொல்லிவிட்டார். மூன்று நாளில் தண்டட்டி வர வேண்டும். வராவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

கருத்தக்கண்ணன் தலை குனிந்து நின்றான். ராமுத்தாயின் கண் நாட்டாமையின் காலடியில் கிடந்த பெட்டிப் பூட்டின் மேலேயே இருந்தது.

"ஐயா, அந்தப் பூட்ட ஒருக்கா பாக்கலாமா?"

"திருடுனப்பப் பாத்தது பத்தலையா?" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். சிரிப்பு எழுந்தது. நாட்டாமை கையமர்த்தி, பூட்டை அவளிடம் தரச் சொன்னார்.

ஆயுதபூசைக்கு அரிவாளுக்கும் கலப்பைக்கும் வைப்பதுபோலப் பெட்டிப் பூட்டுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். சாவித் துளையின் மேலேயே அப்பி, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார்கள். அது காய்ந்து ஓடாக நின்றது.

"ஆத்தா, பூசைக்குப் பெறகு பெட்டியத் தெறந்தீகளா?"

"இல்ல" என்றாள் மூக்கம்மாள்.

"நீங்கண்ணே?"

"நான் எதுக்குத் தெறக்கேன்? ரெண்டு சாவில ஒண்ணு எங்கிட்ட இருந்தா நான் திருடனா?" தங்கபாண்டி சீறினான்.

ராமுத்தாய் பூட்டை நாட்டாமையிடம் நீட்டினாள். "கம்பிய விட்டு ஆட்டுனா இந்தச் சந்தனம் பொலபொலன்னு உதிர்ந்திருக்குங்கய்யா. இங்கன பாருங்க, சாவி போற அளவுக்கு மட்டும் அறுத்தெடுத்தாப்புல இருக்கு. இது துளைச்சாவி. நாணல் கணக்கா நடுவுல ஓட்டை. அறுத்த சந்தனம் அந்த ஓட்டைக்குள்ளதான் போயிருக்கும். ரெண்டு சாவியையும் வாங்குங்க."

மூக்கம்மாள் தன் சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். நாட்டாமை அதைக் கவிழ்த்துத் தட்டினார், ஊதிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"என் சாவி வீட்டுல கெடக்கு" என்றான் தங்கபாண்டி.

"அரைஞாண்ல தொங்குதேண்ணே" என்றாள் ராமுத்தாய்.

கூட்டம் அவன் இடுப்பைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தான். கொண்டையில் செருகியிருந்த குடைக்கம்பியை உருவி, ராமுத்தாய் சாவியின் ஓட்டையைக் குடைந்தாள். அவள் உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு சிறு கட்டி விழுந்தது. அதன் ஓரத்தில் குங்குமச் சிவப்பு ஒட்டியிருந்தது.

நாட்டாமை அதை எடுத்து முகர்ந்தார். மூக்கம்மாளிடம் கொடுத்தார். அவளும் முகர்ந்தாள்.

"ஏலே, பெத்தவ பெட்டியிலயாடா கை வச்ச?"

தங்கபாண்டி கம்பத்தில் அடகு வைத்திருந்த தண்டட்டி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அன்று மறுபடியும் சாவடி கூடியது.

"ஊரு தப்புப் பண்ணிருச்சு. ஒனக்கு என்ன வேணும், கேளு தாயி" என்றார் நாட்டாமை.

ராமுத்தாய் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்தப் பூட்டக் குடுக்கச் சொல்லுங்கய்யா."

"அது எதுக்குடி ஒனக்கு?" என்றாள் மூக்கம்மாள்.

"நான் தெறந்தேன்னு இத்தன பேரு அடிச்சுச் சொன்னீகளே ஆத்தா. என்னால முடியுமான்னு எனக்கே தெரியல. பாத்துப்புடுறேன்."

சாவடியே சிரித்தது. கருத்தக்கண்ணனும் சிரித்தான். மூக்கம்மாள் பூட்டை அழுத்தி மூடி அவள் மடியில் போட்டாள்.

அது லேசில் மசியவில்லை. இரண்டு கம்பி ஒடிந்தது. ஐந்தாம் நாள் காலையில் ராமுத்தாய் போட்ட கூச்சலில், பாம்புதான் வந்துவிட்டதென்று கருத்தக்கண்ணன் கம்போடு ஓடி வந்தான். அவள் அவனைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாள். ஒரு கையில் பூட்டு வாயைப் பிளந்து தொங்கியது, இன்னொரு கையில் கம்பி. கிணற்றடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்க்க, நட்டநடுத் தெருவில் பெரிய வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"தெறந்துருச்சு ஆத்தா!"