பதினொரு கோப்பை

யுத்த காலத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பஸ்ஸும் கிடையாது, தூரமும் கிடையாது. எங்கள் புவியியல் மிஸ் பொலிசுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, எங்களை உப்பளப் பக்கமாகப் போகும் பழைய கோச்சிப் பாதையில் நடத்திக் கூட்டிப்போனார். அதில் கோச்சி ஓடிப் பல வருஷம். தண்டவாளத்துக்கு நடுவில் ஆடு மேய்ந்தது. மிஸ்ஸோடு சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர். மதகு வரை போய், சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

என் சிநேகிதி சிலிப்பர் கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று தாண்டிக்கொண்டு முன்னால் போனாள். மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கிய குடும்பம் அவளுடையது. புத்தளத்தில் அகதி முகாமில் இருந்தார்கள். இரண்டு வருஷமாக ஒரே வாங்கில் இருந்து படித்தோம். எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாள்! ஆனால் தன் வீட்டுக்கு வா என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நானாகக் கேட்டாலும், “இன்னொரு நாளைக்கிப் பாப்பம்” என்று கதையை மாற்றிவிடுவாள். எனக்கோ ரோசம் அதிகம். நான் அவளுக்கு அவ்வளவுதானா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். மதகைத் தாண்டிக் கால் மைல் போனால் அவளுடைய முகாம் என்பது எனக்குத் தெரியும்.

“மிஸ், இங்க ஒரே வெயில். இன்னும் கொஞ்சம் போனா நல்ல நெழல் இரிக்கி” என்று மதகடியில் வைத்துச் சொன்னேன்.

மிஸ்ஸும் நம்பி நடந்தார். சிநேகிதி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதே எனக்கு உறைத்துவிட்டது. ஆனாலும் மிஸ்ஸைத் தடுக்க வாய் வரவில்லை.

முகாமில் குடிசைகள் தண்டவாளத்தை ஒட்டியே இருந்தன. தண்டவாளத்தின் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். அவளுடைய வெள்ளை யூனிபோமும் அங்கே கிடந்தது. சத்தம் கேட்டு அவளுடைய உம்மா வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க மக்கள், வாங்க! டீச்சரும் வந்திரிக்காவா? தேத்தண்ணி குடிக்காமப் போகேலாது.”

மிஸ் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். உம்மா பாயை விரித்துப் போட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். கிடுகு வேலிக்கு அப்பால் அவருடைய குரல் குடிசை குடிசையாகக் கேட்டது. “ராத்தா, ஒங்கட கோப்பயக் கொஞ்சம் தாங்களேன்.”

எங்கள் ஆட்கள் வந்தவர்களுக்கு நல்ல பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் வெட்கத்தில் செத்துப்போவார்கள். அந்த வீட்டுப் பலகையில் இருந்தது இரண்டே கோப்பை. இரண்டுக்கும் கைப்பிடி இல்லை. யார் வந்தாலும் அவளுடைய உம்மா இப்படித்தான் இரவல் கேட்டு ஓட வேண்டும். இதற்காகவா இத்தனை நாள் என்னைக் கூப்பிடாமல் இருந்தாள்?

தேத்தண்ணி வந்தது. பூப்போட்டது, நீலக்கரை வைத்தது, விளிம்பு உடைந்தது என்று ஒன்றோடொன்று சேராத பதினொரு கோப்பை. உள்ளங்கையில் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி. உம்மா பன்னிரண்டாவது கோப்பைக்கு மறுபடியும் எழும்பினார்.

“எனக்கு வாணாம் உம்மா” என்றாள் சிநேகிதி.

எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. “பிழை விட்டுட்டன்டி” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் என் கோப்பையை வாங்கி, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள். என் கருப்பட்டியிலும் பாதியைக் கடித்துக்கொண்டாள்.

“இனி வாறதெண்டா தனிய வா” என்றாள்.

அடுத்த நாளே போனேன். என்னைக் கண்டதும் உம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு பக்கத்துக் குடிசைக்குக் கிளம்பினார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி, பலகையில் இருந்த கைப்பிடி இல்லாத கோப்பையை எடுத்து நீட்டினேன்.